இரண்டு முறை இறந்த ஜே.பி.

1979 மார்ச் 22, வியாழக்கிழமை. பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் எழுந்து, லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டார் என்று அறிவித்தார். இரங்கல் பேசினார்கள், அவையை ஒத்திவைத்தார்கள். அகில இந்திய வானொலியும் சொல்லிவிட்டது. பல ஊர்களில் கடைகளை அடைத்துவிட்டார்கள்.

ஜே.பி.யோ பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார்.

இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திரா காந்தியின் ஆட்சியை எதிர்த்து 1974-75ல் பீகாரில் தொடங்கிய பெரிய இயக்கத்தை நடத்தியவர் ஜே.பி. நெருக்கடி நிலையில் சிறை வைக்கப்பட்டவர். அங்கேதான் சிறுநீரகம் கெட்டது. வெளியே வந்தபின் டயாலிசிஸ் இல்லாமல் வாழமுடியாத நிலை. 1977ல் ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்ததே அவர் கொடுத்த ஊக்கத்தால்தான். ஆக, தங்களை உருவாக்கிய மனிதர் இருக்கிறாரா இல்லையா என்பதை ஒரு டெலிபோன் போட்டு மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளாமல், அந்த அரசாங்கமே நாடாளுமன்றத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்தியது. உளவுத்துறை வழியாக வந்த தகவல் என்று பிற்பாடு சொன்னார்கள்.

நான் அப்போது தபால் தந்தி இலாகாவில் டெலிபிரிண்டர் பிரிவில் இருந்தேன். ரேடியோவில் கேட்டதும் எங்கள் மேலதிகாரி எல்லோரையும் எழுப்பி இரண்டு நிமிடம் நிற்கவைத்தார். யூனியன் செயலாளர் இரங்கல் தீர்மானமே எழுதி முடித்துவிட்டார், மனிதர் எதிலும் அவசரம். பிறகு மறுப்பு வந்தது. அந்தத் தாளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கிழித்துப்போட்டால் அபசகுனம், ஃபைலில் வைத்தால் அதைவிட அபசகுனம். கடைசியில் யார் மேஜைக்கு அடியில் போனதோ.

அந்த ஆண்டே அக்டோபர் 8ஆம் தேதி பாட்னாவில் ஜே.பி. நிஜமாகவே காலமானார். அன்று எங்கள் பிரிவில் முதல் செய்திக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த செய்தி அறிக்கையும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அரசாங்க ரேடியோ சொன்னதை ஊர் அப்படியே நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது அந்த மார்ச் மாதத்தில்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் கைபேசி. அதில் தலைவர்கள் தினம் சாகிறார்கள். ‘காலையிலேயே வந்த துக்கச் செய்தி’, ‘முக்கியத் தலைவர் மறைவு, கண்ணீரில் தொண்டர்கள்’. பெயர் இருக்காது. பதறிப்போய்த் திறந்தால், எங்கோ ஒரு மாநிலத்தில் எப்போதோ எம்.எல்.ஏ.வாக இருந்தவர். அவருக்கும் அஞ்சலி உரியதுதான், ஆனால் பெயரை மறைத்து வேறு யாரையோ நினைக்கவைப்பது என்ன மரியாதை? அரசியல் செய்தியில் முக்கால்வாசி இப்படித்தான் வருகிறது. ‘அதிரடி முடிவு’, ‘உடைகிறதா கூட்டணி?’ என்று ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி போட்டுவிட்டால் எதையும் சொன்னதாக ஆகாது.

‘அந்தக் காலத்தில் எல்லாம் யோக்கியம்’ என்று சொல்ல வரவில்லை. மாலைப் பத்திரிகைகளின் போஸ்டர் பெட்டிக்கடை வாசலில் தொங்குமே, அதுவும் இதே வித்தைதான். ‘பிரபல நடிகர் திடீர் மரணம்’ என்று இருக்கும், யார் என்று தெரிய காசு கொடுத்துப் பேப்பர் வாங்கவேண்டும். ஆனால் பேப்பரைப் பிரித்தால் உள்ளே ஒரு தலைப்பு, அதில் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயரும் இருந்தது. அது பத்திரிகைக்காரரின் பெருந்தன்மை இல்லை, வெள்ளைக்காரன் 1867ல் போட்ட சட்டம் அப்படி. பொய் என்றால் யார் மேல் வழக்குப் போடுவது என்று அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தால் தெரியும்.

வதந்திக்கும் அன்று வேகம் இல்லை. 1984ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோது அவரைப் பற்றிப் பரவாத பேச்சு இல்லை. தேர்தல் வேறு நெருங்கிவிட்டது. அவர் மருத்துவமனையில் இருக்கும் காட்சிகளை வீடியோ எடுத்து வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். வாய்ப்பேச்சு டீக்கடை டீக்கடையாக நடந்துதான் போகவேண்டும், அதனால் பதிலும் பின்னாலேயே நடந்துபோய்ப் பிடித்துவிட முடிந்தது.

2016 டிசம்பர் 5க்கு வருகிறேன். ஜெயலலிதா அப்பல்லோவில் சேர்க்கப்பட்டு இரண்டரை மாதம் ஆகிவிட்டது. அதற்குள் இணையத்தில் அவர் எத்தனை முறை இறந்தார் என்று கணக்கில்லை, வதந்தி பரப்பியதாகப் பலர் மேல் போலீஸ் வழக்கே போட்டிருந்தது. முந்தைய நாள் மாலை இதயம் நின்று, உயிர்காக்கும் கருவியில் வைத்திருந்தார்கள். 5ஆம் தேதி மாலை ஐந்தரை மணி வாக்கில் சில தமிழ் டி.வி.க்கள் இறந்துவிட்டார் என்று அறிவித்தன. ராயப்பேட்டை கட்சி அலுவலகத்தில் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். மருத்துவமனை மறுத்தது. கொடி மறுபடி மேலே ஏறியது.

என் மகள் அப்போது பாதி வழியில். அலுவலகத்தில் முன்னமே அனுப்பிவிட்டார்கள். பஸ் இல்லை, ஆட்டோ நிற்கவில்லை. செய்தி வந்த நிமிடத்தில் கண்ணெதிரே ஷட்டர்கள் இறங்கின என்றும், மறுப்பு வந்ததும் யாரும் திறக்கவில்லை என்றும் சொன்னாள். ஒருவர் அழுதுகொண்டே நடந்தாராம், இன்னொருவர் அவரிடம் கைபேசியைக் காட்டி ‘இல்லண்ணே, இருக்காங்க’ என்றாராம். யாரை நம்புவது? இரவு 11.30க்கு இறந்ததாக மருத்துவமனையின் அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகு வந்தது. பல வருஷம் கழித்து ஆறுமுகசாமி ஆணையம் வேறொரு நேரத்தைச் சொன்னது, அந்த விவகாரம் தனி.

2018 ஆகஸ்ட் 16 அன்று வாஜ்பாய்க்கும் இதே கதி. மாலை ஐந்து மணிக்குமேல்தான் உயிர் பிரிந்தது. திரிபுரா கவர்னராக இருந்த ததாகத ராய் அதற்கு முன்பே ட்விட்டரில் இரங்கல் தெரிவித்துவிட்டார். பிறகு அதை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

அந்த மன்னிப்பைத்தான் நான் கவனித்தேன். கவர்னருக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, அதனால் கேட்டார். 1979லும் அப்படித்தான். தப்பாகச் சொன்னதும் ரேடியோ, திருத்திச் சொன்னதும் அதே ரேடியோ. ஒன்றைக் கேட்டவர் மற்றதையும் கேட்டார். இணையத்தில் தவறான தலைப்பைப் போட்டவர் சத்தமில்லாமல் அதே பக்கத்தில் வேறு தலைப்பை மாற்றிவிடுகிறார். முதல் தலைப்பை வாட்ஸ்அப்பில் வாங்கி நாற்பது பேருக்கு அனுப்பியவருக்கு இரண்டாவது போய்ச் சேருவதே இல்லை. தலைப்பைத் தட்டித் திறந்த எண்ணிக்கைக்கு விளம்பரக் காசு. திறந்தபின் ஏமாந்தவன் எத்தனை பேர் என்பதற்கு அதில் கழிவு கிடையாது.

2021ல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, இணையச் செய்தித் தளங்களும் புகார் கேட்க ஓர் அதிகாரியை வைக்கவேண்டும் என்றது. துக்கச் செய்தி அனுப்பும் தளம் ஒன்றில் போன மாதம் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். பக்கத்தின் அடி வரைக்கும் போனேன். அடியில் இன்னும் ஆறு தலைப்புகள் இருந்தன, அதில் இரண்டில் யாரோ இறந்திருந்தார்கள்.