கையும் பொறியும்: எஸ்பிரெஸ்ஸோ காப்பி இயந்திரத்தின் கதை

ஒரு கோப்பைக் காப்பிக்கும் வரலாறு உண்டா என்று மாணவர்கள் வியக்கலாம். போர்களும் முடிசூட்டு விழாக்களும் மட்டுமே வரலாறு ஆகிவிடா. மனிதன் தன் கையால் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பொறிகளிடம் ஒப்படைத்து வந்த செய்தியும் வரலாறேயாகும். எதைப் பொறியிடம் கொடுத்துவிடலாம், எதை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒவ்வொரு தலைமுறையும் எதிர்நோக்கும் வினா. இவ்வினாவை ஆராய்வதற்கு, இத்தாலி நாட்டில் பிறந்த எஸ்பிரெஸ்ஸோ காப்பி இயந்திரம் நல்லதொரு சான்று. இன்று அது கடைகளைக் கடந்து வீட்டு அடுக்களைக்குள்ளும் புகுந்துவிட்டது. பாதித் தானியங்கி, முழுத் தானியங்கி என்று பல பெயர்களோடு விற்கப்படும் பொறிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எண்ணுவோர், முதலில் அதன் கதையை அறிந்துகொள்வது நலம்.

நம் வீடுகளிலுள்ள பித்தளைப் பில்டரில் வேலை செய்வது புவியீர்ப்பு ஒன்றே. மேலடுக்கில் ஊற்றிய வெந்நீர் தன் எடையால் தூளினூடே இறங்கிச் சொட்டுச் சொட்டாக வடிகிறது. அதற்குப் பொறுமை வேண்டும். கூட்டம் மிகுந்த காப்பிக் கடையிலோ பொறுமைக்கு இடமில்லை. எனவே, வெந்நீரை அழுத்தித் தூளுக்குள் விரைந்து செலுத்த வழி தேடினர். 1884ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் நடைபெற்ற பொருட்காட்சியில், ஆஞ்ஜெலோ மொரியொந்தோ என்பவர் நீராவியின் துணையால் இயங்கும் காப்பி இயந்திரமொன்றைக் காட்டிக் காப்புரிமையும் பெற்றார். ஆயினும், அது பலருக்கும் ஒருசேரக் காப்பி வடிக்கும் பெரிய கலனே.

மிலான் நகரத்து லூயிஜி பெத்ஸேரா 1901ஆம் ஆண்டில் காப்புரிமை கோரிய இயந்திரம் அடுத்த படியாக அமைந்தது. கைப்பிடி பொருத்திய சிறு வடிகிண்ணத்தில் தூளை இட்டு, கொதிகலனோடு இணைத்து, ஒருவருக்கு ஒரு கோப்பை என்ற கணக்கில் அவர் கண்ணெதிரிலேயே வடித்துக் கொடுத்தது அது. அக்காப்புரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி 1905ஆம் ஆண்டு முதல் அவ்வியந்திரங்களைச் செய்து விற்கலானார். எஸ்பிரெஸ்ஸோ என்ற சொல்லில் விரைவு என்னும் பொருளோடு, பிழிந்து எடுத்தது, ஒருவருக்கென்றே செய்தது என்னும் பொருள்களும் கலந்துள்ளன. ஒருவருக்கென்றே செய்தது என்ற பொருளை மாணவர்கள் நினைவில் கொள்க.

ஆனால், நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. மூடிய கொதிகலனில் அழுத்தமும் வெப்பமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே உயரும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் உயர்த்துதல் இயலாது. அக்கால இயந்திரங்கள் தந்தது ஏறத்தாழ ஒன்றரை வளிமண்டல அழுத்தமே. அந்த அளவுக்கே நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேற, காப்பியில் தீய்ந்த சுவை தட்டியது. இன்று வழக்கிலுள்ள 9 வளிமண்டல அழுத்தத்தை நீராவியைக் கொண்டே பெறுவதாயின், கொதிகலனின் வெப்பம் 175 பாகை சென்டிகிரேடுக்கு மேல் செல்ல வேண்டும். ஆகவே, வெப்பத்திற்கு ஒரு வழியும் அழுத்தத்திற்கு வேறு வழியும் காண்பது இன்றியமையாததாயிற்று.

அவ்வழியைக் கண்டவர் மிலான் நகரில் காப்பிக் கடை நடத்திய அக்கில்லே காஜ்ஜா. 1938ஆம் ஆண்டு முதற் காப்புரிமை பெற்ற அவர், போருக்குப் பின் 1940களின் இறுதியில் நெம்புகோல் இயந்திரத்தை உருவாக்கினார். கடைக்காரர் நெம்புகோலை இழுத்தால் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகும். விட்டவுடன் அவ்வில் விரிந்து, பிஸ்டன் வழியாக வெந்நீரைத் தூளுக்குள் அழுத்தும். தோளின் வலிமையை வில் சேமித்து வைத்துச் சீராகச் செலவிட்டது. கோப்பையின் மேல் பொன்னிற நுரை படர்ந்தது இம்முறையினாலேயே. பிஸ்டன் உருளை எவ்வளவு நீர் கொண்டதோ அவ்வளவே ஒரு முறைக்குக் கிடைத்தபடியால், எஸ்பிரெஸ்ஸோவின் சிறிய அளவும் அதன்வழி நிலைபெற்றது.

1961ஆம் ஆண்டில் ஃபாயேமா நிறுவனம் வெளியிட்ட ஈ-61 என்னும் இயந்திரம் அத்தோள்வலிக்கும் விடை கொடுத்தது. மின்சாரப் பம்பு 9 வளிமண்டல அழுத்தத்தில் நீரைத் தொடர்ந்து செலுத்தியது. கடலுக்கடியில் ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தம் அது! அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இத்தாலியில் தோன்றிய முழுச் சூரிய கிரகணத்தின் நினைவாகவே இயந்திரத்திற்கு அப்பெயர் வந்தது.

வீடுகளின் கதை இதற்கு இணையாக நடந்தது. 1933ஆம் ஆண்டில் அல்ஃபோன்ஸோ பியாலெத்தியின் நிறுவனம் வெளியிட்ட மோக்கா என்னும் அலுமினியப் பாத்திரம், அடுப்பின் மேல் வைத்தே காப்பி வடிக்க உதவியது. அதன் அழுத்தம் மிகக் குறைவு. பின்னர்ச் சிறிய நெம்புகோல் பொறிகளும், சிறு மின்பம்புப் பொறிகளும் வீட்டுக்கு வந்தன. 1985ஆம் ஆண்டில் ஸயேக்கோ நிறுவனம் வெளியிட்ட பொறி, கொட்டையை அரைத்து, அளந்து, அழுத்தி, வடித்து, சக்கையையும் தானே தள்ளிவிட்டது. மறு ஆண்டு விற்பனைக்கு வந்த நெஸ்பிரெஸ்ஸோ முறையிலோ, அரைத்து அளந்த தூள் சிறு உறைகளில் அடைபட்டே வந்தது. இவ்வாறாக, ஏறத்தாழ 100 ஆண்டுகளில் கையின் வேலைகள் அனைத்தும் பொறியின்பால் சென்றன.

இனி, தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி எளிதாகிறது. அரைத்தல், அளந்து அழுத்துதல், உரிய வெப்பத்தில் நீரைச் செலுத்துதல், உரிய நேரத்தில் நிறுத்துதல் என எஸ்பிரெஸ்ஸோவில் நான்கு வேலைகள் உள. இவற்றுள் எவற்றை ஒப்படைக்கப் போகிறோம்?

வெப்பத்தையும் அழுத்தத்தையும் தயங்காமல் ஒப்படைக்கலாம். 88 பாகைக்கும் 96 பாகைக்கும் உள்ள வேறுபாட்டை விரலால் அறிய இயலாது. மின்னணுக் கட்டுப்பாடு அதனை நன்கு காக்கும். பெட்டியின்மேல் 15 பார் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. அது பம்பு தரக்கூடிய உச்ச அழுத்தம். காப்பிக்கு வேண்டுவது ஏறத்தாழ 9 பார்தான். நீரை அளந்து தானே நிறுத்தும் வசதி, விடியற்காலையில் பரபரக்கும் குடும்பத்திற்கு உதவும்.

அரைக்கும் வேலையில்தான் எச்சரிக்கை வேண்டும். இத்தாலிய எஸ்பிரெஸ்ஸோ தேசியக் கழகம் வகுத்துள்ள இலக்கணம் இது: 7 கிராம் தூள், 25 விநாடி, 25 மில்லிலிட்டர் காப்பி. 10 விநாடியில் கோப்பை நிரம்பிவிட்டால் தூள் பெருவெட்டு. காப்பி நீர்த்துப் புளிக்கும். 40 விநாடியாகியும் சொட்டிக்கொண்டே இருந்தால் தூள் மிக நுண்ணியது, காப்பி கசக்கும். இதனை அறிந்தவர் அரைக்கும் பதத்தைச் சற்றே மாற்றிக் குறையைத் தீர்ப்பர். அறியாதவர், பொறி கெட்டுவிட்டதென்று கூறிப் பழுதுபார்ப்பவரைத் தேடுவர். ஆதலின், முழுத் தானியங்கியே வாங்கினும், அரைக்கும் பதத்தையும் நீரின் அளவையும் நாமே மாற்றிக்கொள்ள இடமளிக்கும் பொறியைத் தேர்க. வடிக்கும் உறுப்பைக் கழற்றிக் கழுவ முடியுமா என்றும், உப்பு நீரால் உள்ளே படியும் படிவை நீக்குவது எளிதா என்றும் கேட்க. துப்புரவை முற்றிலும் பொறியிடமே விட்டுவிட்டவர் வீட்டில் நல்ல காப்பி நெடுநாள் நிலைக்காது.

தானியங்கியை வாங்குவது சோம்பலென்று இகழ்தல் பொருந்தாது. கையில் வலிமை குன்றிய முதியவருக்கும், வேலைக்குச் செல்லும் தாய்க்கும் அது பேருதவி. அவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிந்து ஒப்படைத்தல் ஒன்று. அறியாமலே ஒப்படைத்தல் மற்றொன்று. முன்னவருக்குப் பொறி பணியாள். பின்னவரோ அதன் பணியாள் ஆகிவிடுகிறார். நெம்புகோலை இழுத்த தோள் ஓய்வு பெற்றதில் நமக்கு இழப்பில்லை. சுவைத்துப் பார்த்து, இது புளிக்கிறது, இது கசக்கிறது, காரணம் இன்னது என்று சொல்லும் நாவும் அறிவும் ஓய்வு பெற்றால் அது பேரிழப்பே. ஒருவருக்கென்றே செய்தது என்று பெயர் பெற்ற காப்பியில், அந்த ஒருவருடைய சுவை இன்னதென்று அவரே அறிந்திருத்தல் வேண்டும். அதனை அவருக்காக அறிந்து சொல்லும் விசை எப்பொறியிலும் இல்லை.