தொடைக்குள் ஒரு பானை

தமிழில் முதன்முதலாக ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படம் எது என்று எங்கள் ஊர்ப் பையன்களைக் கேட்டால் ஏதாவது கவர்ச்சிப் படத்தின் பெயரைச் சொல்வார்கள். அது 1951-ல் வந்த எம்.ஜி.ஆர். படம் ‘மர்மயோகி’. ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்தது, கே. ராம்நாத் இயக்கியது. மத்தியத் தணிக்கை வாரியம் அமைந்ததும் அதே வருஷம்தான். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று முத்திரை விழுந்ததற்குக் காரணம், படத்தில் வரும் பேய். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பேயே இல்லை. செத்துவிட்டதாக எல்லோரும் நம்பிய ராஜா பிழைத்து வந்து, தன்னைக் கொல்லப் பார்த்த ஊர்வசியை ராத்திரியில் ஆவியாகத் தோன்றி நடுங்க வைக்கிறார். ராஜாவாக செருகளத்தூர் சாமா, ஊர்வசியாக அஞ்சலிதேவி. மனுஷன் போட்ட பேய் வேஷம் தணிக்கை அதிகாரிகளையே மிரட்டியிருக்கிறது என்றால், அந்த வேஷத்துக்கு இருந்த பலத்தை நினைத்துப் பாருங்கள்.

நான் பென்னாகரத்தில் மைக்செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா, கூத்து, சாவு, எல்லாவற்றுக்கும் ஆம்ப்ளிஃபயரும் குழாயும் கட்டுவது தொழில். பழைய பேய்ப்படங்களைத் தேடிப் பார்ப்பதும், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு செல்போனில் பேய்ப்படம் எடுப்பதும் உயிர். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலைதான். இருட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் காதுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஆசைக்கு சினிமாவை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். திறந்த வெளியில் களிமண்ணைக் குவித்து, ஒரு வீட்டைவிட நீளமாக துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். முறுக்கு மீசை, பிதுங்கிய கண், மார்பு முழுக்க வர்ணம். பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் பீமன் கதையால் தொடையில் ஓங்கி அடிக்க, மண் பிளந்து ரத்தம் கொப்பளிக்கும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள். அந்தக் கணத்தில் கூட்டத்திலிருந்து எழுகிற சத்தத்தை எந்தத் தியேட்டரிலும் நான் கேட்டதில்லை.

அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று சின்ன வயசில் கேட்டால் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். பிற்பாடு மைக்செட் கட்டப்போன இடத்தில் முந்தின நாள் ராத்திரியே நின்று பார்த்தேன். தொடை வருகிற இடத்தில் குழி மாதிரி விட்டு, அதில் ஒரு மண்பானையை வைத்தார்கள். உள்ளே மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். ஆரத்தி எடுக்கிறோமே, அதே சிவப்புதான், இன்னும் கெட்டியாக. பானை வாயை மூடி, மேலே ஈர மண்ணை அப்பித் தடவிவிட்டார்கள். உருவம் செய்த பெரியவர் என்னிடம் சொன்னார்: “கெட்டிப் பானை வெச்சா பீமன் அடிச்சு அடிச்சே ஓஞ்சுடுவான் தம்பி. மெலிசா, சரியா வேகாத பானையாப் பாத்து எடுக்கணும். ஒரே அடி. ரெண்டாவது அடி விழுந்தா சனம் சிரிச்சுடும்.” பயத்தை உண்டாக்கும் தொழிலில் இதற்கு மேல் ஒரு பாடம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஹிட்ச்காக் ‘சைக்கோ’வில் குளியலறைத் தண்ணீரோடு ஓடவிட்டது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது ரத்தமாகத்தான் தெரியும். அது 1960. எங்கள் பானை அதைவிட எத்தனையோ தலைமுறை மூத்தது.

சிவராத்திரி முடிந்த அமாவாசையில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடத்துகிற மண் இது. சுடுகாட்டில் காளி வேஷம் ஆடுவதை இடுப்புக் குழந்தையோடு நின்று பார்க்கிற சனம். இவர்களை மிரட்ட சினிமாக்காரன் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

தர்மபுரி 1965-ல்தான் தனி மாவட்டமானது. அதுவரை நாங்கள் சேலம் ஜில்லா. சேலத்தில் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. இன்றைக்கு அதன் வளைவு மட்டும் நிற்கிறது. அங்கே 1947-ல் எடுத்த ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’யை எங்கள் பக்கத்துப் பயப்படத்துக்குப் பாட்டி என்று சொல்வேன். கேள்விக்குப் பதில் தெரியாத ஆண்களின் தலையை வாங்குகிற இளவரசியின் கதை. பேய் கிடையாது, ஆனாலும் அடுத்த தலை எப்போது விழும் என்று காத்திருக்கும் பயம் உண்டு.

அப்புறம் டென்ட் கொட்டாய் காலம். பகலில் கூடாரத்துக்குள் வெளிச்சம் வந்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் காட்சி. ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்த கதையை அப்பா தலைமுறை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. பேய் தன் இரண்டு காலையும் விறகாக அடுப்பில் நீட்டி எரித்துச் சமைக்கும். பி. விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’, 1978. தெலுங்கிலிருந்து டப்பிங் ஆகி வந்து தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. நரசிம்மராஜு, ஜெயமாலினி. இப்போது கம்ப்யூட்டரில் எதையும் செய்யலாம் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நாற்பது வருஷம் கழித்தும் நினைவில் நிற்கிற மாதிரி ஒரு காலை எரித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

அந்தக் காட்சியை நாங்களும் செய்து பார்த்தோம். அடுப்புக்கு முன்னால் குழி வெட்டி, நடிக்கிறவனை அதில் மண்டிபோட வைத்தோம். பழைய பேன்ட்டில் வைக்கோல் திணித்துக் காலாக்கி, மேலே புடவையைச் சுற்றி, அடுப்புக்குள் விட்டோம். பேய் எழுந்திருக்கும் இடத்தில் கேமராவை நிறுத்து, எல்லோரும் அப்படியே அசையாமல் இரு, வைக்கோலை எடு, அவன் நிஜக் காலோடு நிற்கட்டும், மறுபடி ஓட்டு. சினிமாக்காரர்கள் ஸ்டாப் பிளாக் என்பது இதைத்தான். பிரான்சில் மெலியஸ் 1896-லேயே இப்படி ஒரு பெண்ணை நாற்காலியிலிருந்து மறைய வைத்திருக்கிறார். விட்டலாச்சார்யா அதையே வைத்து மாயாஜால உலகம் கட்டினார். நாங்கள் அதையே வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை ஓட்டினோம், ஊர்ப் பிள்ளைகள் அலறினார்கள்.

ஆனால் பயத்தின் பெரும்பங்கு கண்ணில் இல்லை. மைக்செட்காரன் சொல்கிறேன், காதில் இருக்கிறது. ஸ்ரீதர் 1963-ல் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ எடுத்தார். பாழடைந்த ஜமீன் மாளிகை, போன ஜென்மத்து நினைவு, நூறு வயது தாண்டியும் பகை ஆறாத கிழவனாக நம்பியார். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையை இருட்டில் கேட்டால் படமே வேண்டாம், மாளிகை கண்முன் வரும். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அடுத்த வருஷம் அவரே மலையாளத்தில் வைக்கம் முகமது பஷீரின் கதையை வைத்து ‘பார்கவி நிலையம்’ இயக்கினார். அதே 1964-ல் அதே ஸ்ரீதரும் வின்சென்ட்டும் கொடுத்த இன்னொரு படம்தான் ‘காதலிக்க நேரமில்லை’. அதில் ஓகோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவாக வரும் நாகேஷ், பாலையாவை உட்கார வைத்துத் திகில் கதை சொல்கிறார். வாயாலேயே எல்லாச் சத்தத்தையும் எழுப்புகிறார், பாலையா முகம் வெளிறுகிறது. ஊரே அதை நகைச்சுவை என்று சிரிக்கிறது. நானும் சிரிப்பேன். ஆனால் படம் எடுக்கக் காசில்லாதவன் ஒரு தொண்டையையும் இரண்டு கையையும் வைத்து ஒரு பெரிய மனுஷனை நடுங்க வைத்ததற்கு அதைவிட நல்ல சாட்சி தமிழ் சினிமாவில் இல்லை. எங்கள் செட்டில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் அந்தக் காட்சியைப் படம் இல்லாமல், குழாயில் ஒலியை மட்டும் போட்டுக் கேட்கவைப்பேன்.

1966-ல் வந்த ‘யார் நீ?’, இந்திப் படம் ‘வோ கோன் தி’யின் தமிழ் வடிவம். ஜெய்சங்கர், ஜெயலலிதா, வெள்ளைப் புடவை, மழை. அதிலும் கடைசியில் மனுஷச் சதிதான். நிஜமாகவே ஆவி புகுகிற கதைகள் நிறைய வந்தது எண்பதுகளில். 1985-ல் மனோபாலாவின் ‘பிள்ளை நிலா’வில் பேபி ஷாலினிக்குள் ஆவி இறங்கியது. பிறகு ‘மைடியர் லிசா’, ‘13-ம் நம்பர் வீடு’. 1991 ஒரே வருஷத்தில் ‘உருவம்’, ‘வா அருகில் வா’, ‘ஜென்ம நட்சத்திரம்’. கடைசியாகச் சொன்னது ஆங்கில ‘ஓமன்’ கதைதான். இவற்றில் பலவற்றை எங்கள் பக்கத்து சனம் தியேட்டரில் பார்க்கவில்லை. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, திருவிழாவில் விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். சாமி படம் முதலில், சண்டைப் படம் அடுத்து, குழந்தைகள் தூங்கிய பிறகு பேய்ப்படம். குழந்தைகள் தூங்கியதாகப் பெரியவர்கள் நம்பினார்கள்.

ஊர் ஊராகப் பரவிய இன்னொரு பெயர் ‘ஈவில் டெட்’. தனியாக உட்கார்ந்து பார்த்தால் பரிசு என்ற வதந்தி கேட்காத பள்ளிக்கூடப் பையன் கிடையாது. அதன் கதையைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதையே வந்தது. சாம் ரெய்மி என்கிற சின்ன வயசுப் பையன், முதலில் கூட்டாளிகளோடு ஒரு குறும்படம் எடுத்து, அதைப் போட்டுக் காட்டிக் காட்டி ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டியிருக்கிறார். டென்னசி காட்டில் ஒரு பாழ்வீடு. பேய் ஓடிவருகிற மாதிரித் தெரிய, கேமராவை ஒரு பலகையில் பொருத்தி, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒகேனக்கல் போகிற வழியில் காட்டோரமாக நாங்களும் அப்படி ஓடினோம். நடிக்கிறவன் கழுத்தில் வெல்லப்பாகு ரத்தம். முதல் ஷாட் முடிவதற்குள் எறும்பு ஏறிவிட்டது. அவன் துடித்த துடிப்பு படத்திலேயே இருக்கிறது, வெட்டவில்லை.

ஜார்ஜ் ரொமேரோ 1968-ல் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’டுக்கும் சாக்லேட் பாகுதான் ரத்தம். மொத்தச் செலவு ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் டாலர், ஹாலிவுட்டில் அது சில்லறை. விநியோகஸ்தர்கள் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போய், படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவருக்கு அது பெரிய நஷ்டம். அந்த நஷ்டத்தின் பலனாகத்தான் வெள்ளை வேட்டியைக் கட்டி நான் அதை எங்கள் ஊரில் போட முடிந்தது. 1922-ல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த ஊமைப்படம் ‘நோஸ்ஃபெராட்டு’வையும் போட்டேன். டிராகுலா கதையை அனுமதியில்லாமல் எடுத்ததாக பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்க உத்தரவே வாங்கினார். தப்பிய பிரதிகளால் பிழைத்த படம் அது. ஒலி இல்லாத படத்துக்கு நம் ஒலி சேர்ப்போம் என்று கூத்து ஜமாவிலிருந்து முகவீணைக்காரரையும் மத்தளக்காரரையும் அழைத்தேன். மாடிப்படியில் அந்த நகம் நீண்ட நிழல் ஏறும்போது முகவீணை இழுத்த இழுப்பில் முன்வரிசைப் பிள்ளைகள் பின்வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

‘பீட்சா’ எடுத்த கார்த்திக் சுப்பராஜும் ‘டிமான்டி காலனி’ எடுத்த அஜய் ஞானமுத்துவும் டிவியில் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் காட்டி வந்தவர்கள். 2012-ல் ‘பீட்சா’ ஓடியதிலிருந்து எங்கள் பையன்களுக்குச் சென்னைக் கனவு வந்துவிட்டது. போகட்டும், சந்தோஷம். நான் இங்கேயே எடுக்கிறேன். என் அடுத்த படம் படுகளத்து துரியோதனனைப் பற்றியது. உருவம் செய்யும் அதே பெரியவர் செய்து தர ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை போட்டார்: “கண் தெறக்கறத மட்டும் படம் புடிக்காத தம்பி.” கண் திறப்பது சாமி காரியம். சரிங்கய்யா என்றேன். கதையில் அதுதான் முக்கியமான இடம், காட்டாமலே காட்ட வேண்டும். இப்போதைக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஈரக் களிமண்ணுக்குள் விரலை அழுத்தி மெதுவாக இழுத்தால் ஒரு சத்தம் வருகிறது. மைக்கை அருகில் வைத்தால் காற்றடிக்கிறது. அதனால் வாயகன்ற குடத்துக்குள் களிமண்ணை வைத்து, வாயைக் கோணிச் சாக்கால் மூடி, மைக்கை உள்ளே தொங்கவிட்டுப் பதிந்துகொண்டிருக்கிறோம். மண் கொஞ்சம் உலர்ந்தாலும் சத்தம் மாறிவிடுகிறது. நேற்றையதைவிட இன்றைக்குப் பதிந்தது பரவாயில்லை.