நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து நடுவுக்கு

அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தைத்த ‘ஹவுஸ்டாப்’ வகைக் கில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றையும், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைத்த கவந்தி என்னும் போர்வை ஒன்றையும் அருகருகே விரித்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை என்றே முதலில் தோன்றும். சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கடுக்காகச் சுருங்கும் அமைப்பு இரண்டிலும் இருக்கிறது. நேராகத் தொடங்கும் வரிகள் போகப்போகச் சற்றே சாய்வது இரண்டிலும் நடக்கிறது. அடங்கிய நிறங்களுக்கு நடுவே யாரும் எதிர்பாராத ஒரு சிவப்பை வைத்துவிடும் துணிச்சலும் இரண்டுக்கும் பொது. தைத்தவர்கள் இரு சாராரும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், விடை உடனே கிடைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆப்பிரிக்க நினைவுதான் இரண்டு கண்டங்களில் ஒரே வடிவமாக முளைத்திருக்கிறது என்று சொல்லிவிடத் தோன்றும்.

எனக்கு அந்த விடை போதவில்லை. கீஸ் பெண்ட் மக்களின் முன்னோர் அட்லாண்டிக்கைக் கடந்து, பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து வந்தவர்கள். உத்தர கன்னடச் சித்திகளின் முன்னோரில் பலர் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து போர்ச்சுக்கீசியரின் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் புகுந்தவர்கள். இடையில் ஒரு கண்டத்தின் அகலம் முழுவதும் கிடக்கிறது. தையல் முறையைப் பார்த்தாலும், ஹவுஸ்டாப் அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்த ‘லாக் கேபின்’ வடிவத்தின் நெருங்கிய உறவு. கவந்தியோ, தக்காணத்தில் கௌதி என்றும் கோதடி என்றும் பல சமூகத்தார் தைத்துவரும் பழந்துணிப் போர்வைகளின் உறவு. இரு தரப்பாரும் அக்கம்பக்கத்தில் இருந்த தையலை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதை என்ன செய்தார்கள் என்பதில்தான் உறவு இருக்கிறது. அதைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுவது ஒரு முரண். ஒரே உருவத்தைத் தரும் இந்த இரண்டும் நேர் எதிர்த் திசைகளில் தைக்கப்படுபவை.

ஹவுஸ்டாப் நடுவிலிருந்து பிறக்கிறது. ஒரு சதுரத் துண்டு, அதன் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை, அடுத்த பக்கத்தில் இன்னொன்று என்று சுற்றிச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பட்டையின் நீளம் கூடும், துணி தீர்ந்தால் வேறு துணி நுழையும். எங்கே நிறுத்துவது என்பதைத் தொடக்கத்தில் யாரும் முடிவு செய்வதில்லை. கட்டிலின் அகலமும் கையிருப்புத் துணியும் சேர்ந்து அதைச் சொல்லும்.

கவந்தி ஓரத்திலிருந்து பிறக்கிறது. அடியில் ஒரு துணி, பெரும்பாலும் பழைய சேலை, முழு அளவில் விரிக்கப்படுகிறது. ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதன் விளிம்பை உள்ளே மடித்து, அடித்துணியோடு சேர்த்து ஓடுதையல் போட்டுக்கொண்டே விளிம்பை ஒட்டி நகர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அதற்குள் அடுத்த சுற்று. வெளி எல்லை முதல் நாளே தீர்மானமாகிவிடுகிறது. தெரியாமல் இருப்பது நடுப்பகுதி மட்டுமே.

இந்தத் திசை வேறுபாடு வெறும் வசதி சார்ந்ததன்று. தையலில் கையின் பிசகு எங்கே போய்ச் சேரும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஹவுஸ்டாப்பில் நடுச் சதுரம் கால் அங்குலம் கோணலாக இருந்தால், அந்தக் கோணல் ஒவ்வொரு பட்டையிலும் ஏறி, வெளி விளிம்பில் வளைவாக நிற்கும். கவந்தியில் விளிம்பு கட்டுக்கோப்பாக இருக்கும், பிசகுகள் எல்லாம் உள்நோக்கி நகர்ந்து நடுவில் குவியும். அங்கே சதுரம் நீள்சதுரமாகிப் போகலாம், சில சமயம் ஒரு சிறு சந்தாக மட்டும் மிஞ்சலாம். அந்த இடுக்கை அடைக்க வெட்டப்படும் கடைசித் துண்டு, போர்வையிலேயே மிக விசித்திரமான வடிவத்தில் இருப்பதைப் பார்க்கலாம். ஆகவே ஒரு ஹவுஸ்டாப்பைப் புரிந்துகொள்ள அதன் விளிம்பைப் பாருங்கள். ஒரு கவந்தியைப் புரிந்துகொள்ள அதன் நடுவைப் பாருங்கள். தைத்தவர் தன் துணியோடு நடத்திய பேச்சுவார்த்தை அங்கேதான் பதிவாகியிருக்கிறது.

அடுத்த வேறுபாடு இன்னும் ஆழமானது. கீஸ் பெண்டில் வேலை இரண்டு கட்டமாகப் பிரிகிறது. மேல்துணியை ஒரு பெண் தன் வீட்டில், தன் மனப்போக்கில் இணைக்கிறாள். இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துத் திருப்பிவிடுவதால் தையல் மேலே தெரியாது. பிறகு மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சட்டத்தில் பூட்டி, பல பெண்கள் சுற்றி உட்கார்ந்து, தேவாலயப் பாட்டுகளைப் பாடியபடி மூன்றையும் சேர்த்துத் தைக்கிறார்கள். வடிவம் ஒருத்தியுடையது, உறுதி பலருடையது. கவந்தியில் இந்தப் பிரிவே கிடையாது. ஒட்டும் தையலும் அடுக்குகளை இணைக்கும் தையலும் ஒன்றே. பஞ்சு அடைப்பதில்லை, துணிமேல் துணியாகவே கனம் ஏறுகிறது. பெரிய கவந்திக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்வதும் உண்டு, ஆனால் ஒவ்வொரு ஊசிக்குத்தும் ஒரே நேரத்தில் ஓவியமும் கட்டுமானமுமாக இருக்கிறது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டையும் கவிழ்த்துப் போட்டால் போதும். கீஸ் பெண்ட் கில்ட்டின் பின்புறத்தில் மாவு மூட்டைத் துணியோ வேறு மலிவுத் துணியோ இருக்கும். அதன் மேல் ஓடும் தையல் வரிகள் முன்புற வடிவத்தைப் பொருட்படுத்தாமல் தம் போக்கில் போகும். கவந்தியின் பின்புறத்தில் ஒரு முழுச் சேலை. அதன் மேல், முன்புறத்தின் சதுரச் சுற்றுகள் அத்தனையும் நிறமில்லாமல், நூல் புள்ளிகளாக மட்டும் மறுபடி வரையப்பட்டிருக்கும். என் கண்ணுக்குக் கவந்தியின் அழகு பின்புறத்தில் ஒரு படி கூடுதலாகவே இருக்கிறது.

துணிக்கு வருவோம். இரண்டும் உடுத்திக் கிழிந்ததிலிருந்து செய்யப்பட்டவை. ஆனால் கிழிந்தவை ஒன்றல்ல. கீஸ் பெண்டின் பழைய கில்ட்களில் பெரும்பகுதி பருத்தி வயலில் உழைத்த உடுப்பு: டெனிம் ஓவரால்ஸ், முரட்டுச் சட்டை. மிசௌரி பெட்வே 1942-இல், இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு தைத்த கில்ட் இன்று வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இவ்வகைக் கில்ட்களில் சட்டைப்பை பிரிக்கப்பட்ட இடம் மட்டும் வெளுக்காமல் அடர் நீலமாக நிற்கும், முழங்கால் தேய்ந்த இடம் வெளிறிக் கிடக்கும். டெனிம் தடித்தது, சிறு துண்டுகளாக நறுக்கினால் தையல் வாயில் ஊசி ஏறாது. அதனால்தான் அங்கே பெரிய பெரிய கட்டங்கள், அடங்கிய நிறங்கள். கவந்திக்கு வரும் சேலையும் லுங்கியும் மெல்லியவை, விரலளவுத் துண்டைக்கூட மடித்துத் தைத்துவிடலாம். அதனால் கவந்தியில் பெரிய துண்டின் மேலேயே பளிச்சென்ற சின்னஞ்சிறு துண்டுகளைப் பதிக்க முடிகிறது. கிறித்தவச் சித்திகள் சிலுவையும், முஸ்லிம் சித்திகள் பிறையும் அதில் வைப்பதுண்டு. நாம் அழகியல் என்று பேசும் பலவற்றைத் துணியின் கனமே தீர்மானித்திருக்கிறது.

பயன்பாட்டில் இருவருக்கும் இடையே அதிக தூரமில்லை. அங்கே மரக்கட்டை வீட்டின் இடுக்குகளில் நுழையும் குளிர், இங்கே மலைக்காட்டின் மழைக்கால இரவு. மூன்று பக்கம் ஆறு சூழ்ந்த ஊர் அது. காடு சூழ்ந்த ஊர்கள் இவை. இரண்டு இடங்களிலும் போர்வை கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை.

முடிக்கும் விதம் வேறு. ஹவுஸ்டாப் விளிம்பை மடித்துத் தைப்பதோடு தீர்ந்துவிடும். கவந்திக்கு நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணி இதழ்கள் வேண்டும். ‘பூ’ என்று அழைக்கப்படும் அவை இல்லாத கவந்தி உடுப்பில்லாமல் நிற்பதற்குச் சமம் என்பது அவர்கள் கருத்து. நடுவை மூடும் கடைசித் துண்டுக்கு அடியில் சில அரிசி மணிகளை வைத்துத் தைப்பவர்களும் உண்டு. போர்வையின் வயிறு காலியாக இருக்கக்கூடாது. ஓரத்திலிருந்து தொடங்கி நடுவில் முடியும் தையலுக்குத்தான் இந்த வழக்கம் பொருந்தும். நடுவிலிருந்து தொடங்கும் ஹவுஸ்டாப்பில் வயிறு முதல் நிமிடமே மூடப்பட்டுவிடுகிறது.

இனி அந்த எதிர்பாராத உறவு. இரண்டிலும் இருப்பது ஒரே ஒரு சட்டம்: சுற்றிச் சுற்றி வா. அகலம் எவ்வளவு, அடுத்த நிறம் எது, மூலையில் எப்படித் திரும்புவது என்ற மற்ற எல்லாம் அந்தந்தக் கணத்தில் கையில் இருக்கும் துண்டைப் பொறுத்தது. முன்கூட்டி வரைந்த படம் எதுவும் கிடையாது. ஒரு ராகத்தின் சட்டகத்துக்குள் பாடகர் சுதந்திரமாக உலவுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமல்ல. சட்டம் இல்லாதிருந்தால் இரண்டும் துணிக்குவியலாகப் போயிருக்கும். சட்டங்கள் கூடியிருந்தால், அச்சடித்ததுபோல் ஆயிரம் வீடுகளில் ஒரே போர்வை கிடந்திருக்கும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு சமூகங்கள், எதிரெதிர்த் திசையில் நடந்து, இந்த ஒரே அளவில் வந்து நின்றதுதான் எனக்கு வியப்பூட்டுவது. இதற்கு இரத்த நினைவைத் துணைக்கழைத்தால் அந்தப் பெண்களின் அறிவுக்குச் சேர வேண்டிய புகழ் குறைந்துவிடும்.

சந்தை நுழைந்தபோது இந்த அளவுதான் முதலில் சோதனைக்கு உள்ளானது. 1966-இல் அலபாமாவின் அந்த வட்டாரத்தில் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவு தொடங்கியது. நியூயார்க் கடைகள் கேட்டது ஒரே மாதிரியான வடிவங்களை, ஒரே தரமான தையலை. வேலைக்கு அப்படித் தைத்தவர்கள் வீட்டுக்கு வந்ததும் தங்கள் வழியிலேயே தைத்தார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய்த் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் வந்தது. மிஞ்சிய வெட்டுத்துணிகள், அந்தக் காலத்து நாகரிக நிறங்களான பொன் மஞ்சள், பாசிப் பச்சை போன்றவற்றில் வீடுகளுக்குள் வந்தன. வடிவமைப்பாளர்கள் வேறு யாருக்காகவோ தேர்ந்தெடுத்த நிறங்கள், கீஸ் பெண்டின் மிக ஒளிமிக்க ஹவுஸ்டாப்களாக மாறின. சித்திப் பெண்களின் கூட்டுறவு 2004-இல்தான் தொடங்கியது. கலை வரலாற்றாளர் ஹென்றி ஜான் ட்ரூவலின் ஆய்வும் ஆதரவும் அதற்குப் பின்னால் இருந்தன. கீஸ் பெண்ட் கில்ட்கள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னியிலும் தொங்கின, 2006-இல் அமெரிக்க அஞ்சல் தலைகளாயின. கவந்திகள் 2011-இல் நியூயார்க்கின் ஹார்லெமில், ஷோம்பர்க் மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரே நகரம், ஒன்பது ஆண்டு இடைவெளி.

இன்று இரண்டும் வடிவமைப்பாளர் துணிகளில் தைக்கப்படுகின்றன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி முன்கூட்டியே தேர்ந்து கட்டிய துணித் தொகுப்புகளும், இரண்டரை அங்குலப் பட்டைகளாக வெட்டிச் சுருட்டிய கட்டுகளும் கில்ட் கடைகளில் கிடைக்கின்றன. புதுத்துணியில் தைப்பதைக் குறையாக நான் கருதவில்லை; கார்டுராயும் ஒரு காலத்தில் புதுத்துணியே. ஆனால் துணி இரண்டு முறைகளிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதைத் தைக்க உட்காருபவர் தெரிந்துகொள்வது நல்லது. கேஃப் ஃபாசெட் போன்றோரின் பெரிய பூக்கள் நிறைந்த அச்சுத்துணி ஹவுஸ்டாப்பின் நீண்ட பட்டைகளில் நன்றாகவே வாழும்; பூ துண்டாகிப் போனாலும் நிறத்தின் ஓட்டம் நிற்கும். அதே துணியைக் கவந்தியில் வைத்தால் ஓடுதையல் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும், கவந்தியின் பாதி உயிர் அந்த நூலில்தான் இருக்கிறது. அதற்கு வெற்று நிறத் துணியோ சின்னக் கட்டம் போட்ட பருத்தியோ, மாறுபட்ட நிறத்தில் தடித்த நூலோ உகந்தது. தொகுப்புகளைப் பொறுத்தவரை, இரண்டு முறைகளுக்கும் ஒரே யோசனைதான்: அந்தத் தொகுப்போடு சேராத பழந்துணி ஒன்றையாவது, வீட்டில் யாராவது உடுத்தியதை, உள்ளே விடுங்கள். எல்லாத் துணிகளும் முன்பே ஒத்துப்போயிருந்தால் கைக்கு முடிவு செய்ய எதுவும் இருக்காது.

கடைசியாக ஒரு சமமின்மையைச் சொல்லியாக வேண்டும். கீஸ் பெண்ட் கில்ட் எங்கே தொங்கினாலும் அருகில் தைத்தவரின் பெயரும் ஆண்டும் இருக்கும்: லொரெட்டா பெட்வே, மேரி லீ பெண்டால்ஃப், ஆனி மே யங். கவந்தியைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் இனத்தின் பெயரோடு நின்றுவிடுகிறோம். நடுவில் ஒரு சந்து மிஞ்சியபோது அதை எப்படி மூடுவது என்று முடிவு செய்தவள் ஓர் இனமல்ல, ஒரு பெண். நீங்கள் ஒரு கவந்தி வாங்கினால் தைத்தவர் பெயரைக் கேளுங்கள். பின்புறச் சேலையின் ஒரு மூலையில் அதைத் தைத்துத் தரச் சொல்லுங்கள்.