ஒரே திருச்சபை, 3 பேராயர்கள்! நியூசிலாந்தில் ஏன் இப்படி?

நியூசிலாந்து ஆங்கிலிக்கன் திருச்சபைக்குத் தலைவர் ஒருத்தர் இல்லை, மூணு பேர். ஏன்?

1814 கிறிஸ்துமஸ் நாளில் மிஷனரி சாமுவேல் மார்ஸ்டன் அங்கே பிரசங்கம் செய்தபோது, கேட்டவர்களில் பெரும்பாலோர் மாவோரி பூர்வகுடிகள். ஆனால் ஐரோப்பியர்கள் குடியேறிப் பெருகியதும் நிர்வாகம் அவர்கள் கைக்குப் போனது. முதல் மாவோரி பிஷப் ஃபிரெடரிக் பென்னட் வந்ததே 1928-ல்தான். அவருக்கும் தனி திருமண்டலம் கிடையாது. மற்ற பிஷப்புகளின் அனுமதியோடுதான் ஊழியம் செய்ய முடிந்தது.

1992-ல் சட்டவிதிகள் மாறின. மாவோரி, ஐரோப்பிய வம்சாவளியினர், ஃபிஜி, டோங்கா, சமோவா உள்ளிட்ட தீவு மக்கள் என மூன்று சமமான பிரிவுகள் உருவாகின. இவற்றுக்கு 'திகாங்கா' என்று பெயர். பிறகு தலைமைப் பதவியும் மூன்றாகப் பகிரப்பட்டது.

பொதுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்டால், பிரிவுவாரியாக வாக்கெடுப்பு நடக்கும். ஒரு பிரிவு மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது. அதாவது, எண்ணிக்கையில் சின்ன பிரிவாக இருந்தாலும் அதை ஓரங்கட்ட முடியாது.