ஒரு சொல், இரண்டு குடும்பம்

அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி உட்கார்ந்து படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. சில சொற்களின் பூர்வோத்தரம், நாம் எழுதுகிற கதாபாத்திரங்களின் வாழ்க்கையைவிட ருசியாக இருக்கிறது. இங்கிலீஷில் 'மேட்ச்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தீக்குச்சி, பந்தயம், ஜோடி, ஈடு, வரன், பொருத்தம் என்று அகராதியில் பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. இத்தனையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும் இரண்டு சொற்கள் அவை. ஒன்று பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்தது. விளக்குத் திரி என்று பொருள். மற்றொன்று பழைய இங்கிலீஷ். துணை, வாழ்க்கைத் துணை என்று பொருள். இரண்டு குடும்பமும் கடல் கடந்து வந்து சேர்ந்து குடியிருக்கிற ஊர் ஒன்று உண்டென்றால், அது கரிசல் காட்டுக் கோவில்பட்டிதான்.

திரி முதலில் வந்தது துப்பாக்கியில். வெடியுப்பில் ஊறவைத்த கயிறு அணையாமல் கனன்றுகொண்டே இருக்கும். விசையை இழுத்தால் அதன் நுனி மருந்தைத் தொடும். கயிற்றுக்கு 'மேட்ச்' என்று பெயர், துப்பாக்கிக்கு 'மேட்ச்லாக்'. பாளையக்காரர்களின் ஆட்கள் ஈட்டியோடும் வல்லயத்தோடும் எடுத்துக்கொண்டு போனது இந்த வகைத் துப்பாக்கியைத்தான். 1799 அக்டோபர் 16-இல் கும்பினியார் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு, கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கிறது.

உரசினால் பற்றுகிற குச்சி அதற்குப் பிறகு பிறந்தது. ஜான் வாக்கர் என்ற இங்கிலீஷ் மருந்துக் கடைக்காரர் 1826-இல் அதைக் கண்டுபிடித்து, மறு வருஷம் விற்கத் தொடங்கினார். காப்புரிமை வாங்கவில்லை. வேறொருவர் அதே சரக்குக்கு 'லூசிபர்' என்று பெயர் வைத்து விற்றார். ஒளி கொண்டுவருபவன் என்று அர்த்தம். சாத்தானுக்கும் அதே பெயர்தான். டச்சுக்காரர்கள் இன்றைக்கும் தீக்குச்சியை லூசிபர் என்றுதான் சொல்கிறார்கள். ரோமாபுரி அடுப்பு தேவதையின் பெயரால் 'வெஸ்டா' என்று ஒரு மெழுகுக் குச்சியும் இருந்தது.

நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? தீக்குச்சி என்கிறோம், யாழ்ப்பாணத்தில் நெருப்புக்குச்சி, சென்னையில் வத்திக்குச்சி. வத்தி என்பது வர்த்தி, அதாவது திரி. பாரிஸ்காரரும் சென்னைவாசியும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே ஒரே உவமையைப் பிடித்திருக்கிறார்கள். சென்னைவாசி ஒரு படி மேலே போய், கோள் சொல்லிச் சண்டை மூட்டுவதையும் 'வத்தி வைத்தல்' என்று ஆக்கிவிட்டார்.

1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குச் சுங்கவரி ஏறிற்று. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-இல் திரும்பினார்கள். சிவகாசியில் பற்றிய தீ சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவ அதிக நாள் பிடிக்கவில்லை. கரிசல் பூமி வானத்தைப் பார்த்துக் கிடப்பது. பருத்தியும் கம்பும் சோளமும் மழை தந்தால் உண்டு. ஆனால் விவசாயிக்குச் சாபமான அந்த வறண்ட காற்று, மருந்து முக்கிய குச்சி காய்வதற்கு வரமாக அமைந்தது. காட்டில் வேலை இல்லாத கைகளுக்கும் குறைவில்லை.

இந்த ஆலைகளின் பெயர்ப் பலகைகளில் 'மேட்ச் ஒர்க்ஸ்' என்று எழுதியிருக்கும். ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பதுதான் பேச்சு. "பிள்ளை ஆபீஸுக்குப் போயிருக்கா" என்று ஒரு தாய் சொல்வாள். வெளியூர்க்காரர் மேஜை நாற்காலியைக் கற்பனை செய்துகொள்வார். போனது பத்து வயதுப் பெண். விடியுமுன் வரும் பஸ்ஸில் தூக்குச் சட்டியோடு ஏறி, நாள் முழுவதும் சட்டத்தில் குச்சி அடுக்கி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் திரும்புகிறவள். 'மேட்ச்' என்ற சொல்லின் எந்தப் பொருளும் என்னை உறுத்தியதில்லை. 'ஆபீஸ்' என்ற சொல்தான் உறுத்துகிறது. காட்டு வேலையைவிடக் கௌரவம் என்ற எண்ணம் அதில் ஒட்டியிருந்தது. குழந்தை செய்யும் வேலை என்பது அதற்குள் மறைந்துபோயிற்று. லண்டனில் 1888-இல் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாடை எலும்பை அரிக்கும் வெள்ளைப் பாஸ்பரஸ் அவர்கள் காலத்து எமன். நம் குழந்தைகள் கையாண்டது அந்த விஷம் அல்ல. ஆனால் பள்ளிக்கூடம் போனது போனதுதான். சிவகாசித் தீப்பெட்டிக் குழந்தைகளைப் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-இல் சுப்ரீம் கோர்ட், வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் செலுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்த மண்ணின் எழுத்தாளர் பூமணி 'கருவேலம் பூக்கள்' என்று படமே எடுத்தார். இன்று குச்சி அடுக்குவது பெரும்பாலும் இயந்திரம்.

அடுத்த குடும்பத்துக்கு வருகிறேன். துணை என்ற பொருள் வளர்ந்து, சமானமானவன், எதிர்த்து நிற்கத் தகுந்தவன், பிறகு அந்த இருவரின் பந்தயம் என்று ஆயிற்று. நாம் இதற்கு ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுவதில்லை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம், மாட்டுக்கு ஜோடி, சண்டைக்குச் சரிக்குச் சரி. ஆனால் புடவைக்கு ரவிக்கை மட்டும் எப்படியோ 'மேட்ச்' ஆகிவிட்டது! ஆபீஸ் கூலியில் சிறுவாடு சேர்த்துத் தோடும் மூக்குத்தியும் வாங்கி, வரன் அமைந்து போன பெண்களிடம் இரண்டு குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்டன. ஸ்வீடன் தேசத்தில் தேறிய பாதுகாப்புத் தீக்குச்சியும் அப்படியே: குச்சியில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் சேர்ந்தால்தான் தீ.

பந்தயம் என்றால் கோவில்பட்டிக்கு ஹாக்கி. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாட்டில் இது ஓர் அதிசயம். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்த ஊர் மாரீஸ்வரன் இந்திய அணியில் இருந்தார். அங்கே பையன்கள் 'மேட்ச்' என்றால் தீக்குச்சியை நினைப்பதே இல்லை.

பெட்டியின் விலை 14 வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. மலிவு லைட்டர் வந்து வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று தீப்பெட்டிக்காரர்கள் முறையிட்டார்கள். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023 ஜூனில் மத்திய அரசு உத்தரவு போட்டது.