எழுத்துவழிச் சொல் தேடல்

குறிப்பிட்ட சில எழுத்துகளைக் கொண்ட ஆங்கிலச் சொற்களைக் கண்டெடுக்கும் திறனும் அதற்கான முறைகளும் எழுத்துவழிச் சொல் தேடல் எனப்படும். ஸ்கிராபிள், குறுக்கெழுத்து, வேர்டில் ஆகிய விளையாட்டுகளுக்கு இதுவே அடிப்படை. சொல்லின் பொருள் தெரிவதைவிட எழுத்துகள் சேரும் விதம் தெரிவதே இங்கு முதன்மை. அதனால்தான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத தாய்லாந்து, மலேசிய ஆட்டக்காரர்களும் உலக அரங்கில் முன்வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

தோற்றம்

ஸ்கிராபிளை உருவாக்கியவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ். 1930களில் நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதற்கேற்பக் காய்களையும் புள்ளிகளையும் வகுத்தார். 1948இல் ஜேம்ஸ் புரூனோ இன்றைய பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலப் பெட்டியில் 100 காய்கள் உண்டு. அவற்றில் 'இ' எழுத்துக்கு 12 காய்கள், ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. 'கியூ', 'இசட்' எழுத்துகளுக்குத் தலா ஒரே காய், 10 புள்ளிகள். இரண்டு காய்கள் வெற்றுக் காய்கள். கையிலுள்ள ஏழு காய்களையும் ஒரே முறையில் வைப்பவருக்கு 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும்.

தேடும் முறைகள்

முதற்படி இரண்டெழுத்துச் சொற்கள். உலகப் போட்டிகளில் செல்லுபடியாகும் காலின்ஸ் சொற்பட்டியலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் இவை 127. ஏற்கெனவே கிடக்கும் சொல்லை ஒட்டிப் புதுச் சொல்லை வைக்க இவையே வழி திறக்கின்றன.

அடுத்த படி கடினமான எழுத்துகளுக்கான பட்டியல். ஆங்கிலத்தில் 'கியூ'வுக்குப் பின் பெரும்பாலும் 'யூ' வரும். 'யூ' கையில் இல்லாதபோது 'கியூ-ஐ' என்ற இரண்டெழுத்துச் சொல் கைகொடுக்கிறது. உயிர்ப்பு ஆற்றலைக் குறிக்கும் சீனச் சொல் அது. உயிரெழுத்து ஐந்தும் இல்லாத 'ரிதம்', பள்ளத்தாக்கைக் குறிக்கும் வெல்ஷ் சொல்லான 'சி-டபிள்யூ-எம்' ஆகியவை உயிரெழுத்து வறட்சியில் உதவுகின்றன.

மூன்றாவது, ஏழெழுத்துச் சொற்களைக் காணும் பயிற்சி. பயில்வோர் காய்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்து, அந்த அடுக்கையே மனத்தில் பதிக்கிறார்கள். 'ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி' என்ற ஏழு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'ரிட்டெயின்ஸ்', 'நாஸ்டியர்', 'ரெட்டினாஸ்', 'ஸ்டெயினர்' உள்ளிட்ட பல சொற்கள் பிறக்கும். இத்தகைய வளமான சேர்க்கை கைக்கு வரும்படி, உதவாத காய்களை முன்கூட்டியே கழித்து வைப்பது தேர்ந்தவர்களின் உத்தி.

மலேசியாவில்

பினாங்கில் ஆங்கிலப் பள்ளிக் கல்விக்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1816இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகவும் கொள்ளப்படுகிறது. கெலுகோர் போன்ற ஊர்களில் மலாய், தமிழ், ஹொக்கியன், ஆங்கிலம் நான்கும் அன்றாடம் காதில் விழுகின்றன. சொல் தேடுவோருக்கு இந்தப் பன்மொழிச் சூழல் நேரடிப் பயன் தருகிறது. வக்ஃப், கிப்லா, நிகாப், புர்கா ஆகிய சொற்கள் மலேசியர்களுக்குப் பழகியவை. இவை அனைத்தும் 'யூ' பின்தொடராத 'கியூ' கொண்டு காலின்ஸ் பட்டியலில் உள்ளன. ஆனால் மலாயில் வக்ஃபும் கிப்லாவும் 'கே' எழுத்தால் எழுதப்படுவதால், ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தனியே பயில வேண்டும். ரிங்கிட், சென், சரோங், கம்போங் ஆகிய மலாய்ச் சொற்களும், தமிழிலிருந்து சென்ற கட்டுமரம், சுருட்டு, பந்தல், அணைக்கட்டு ஆகியவற்றின் ஆங்கில வடிவங்களும் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

2003இல் கோலாலம்பூரிலும் 2009இல் ஜொகூர் பாருவிலும் உலக ஸ்கிராபிள் போட்டி நடந்தது. இரண்டிலும் பட்டம் வென்றவர்கள் தாய்லாந்துக்காரர்கள்: முறையே பானுபோல் சுஜ்ஜயகோர்ன், பகோர்ன் நெமித்ரமான்சுக். 2007இல் மும்பையில் நடந்த போட்டியின் இறுதிச் சுற்றுக்கு மலேசியரான கணேஷ் ஆசீர்வாதம் முன்னேறினார். அதில் அவரை வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்தில் பிறந்து, மலேசியாவில் குடியேறியவர். ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தையும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்தே வென்றார். எழுத்துச் சேர்க்கை அறிவு பேச்சுத் திறனிலிருந்து வேறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

கருவிகள்

கணினித் தேடலில், தெரியாத ஓர் எழுத்துக்கு வினாக்குறியும், எத்தனை எழுத்தும் வரக்கூடிய இடத்துக்கு உடுக்குறியும் இடுவது வழக்கம். 'கியூ' உண்டு, 'யூ' இல்லை என்று நிபந்தனை வைத்தும் தேடலாம். சிசிவா என்ற மென்பொருள் பயிற்சிக்கும், போட்டியில் ஒரு சொல் செல்லுமா என்று தீர்ப்பதற்கும் பயன்படுகிறது. ஆட்டத்தின் நடுவே ஆட்டக்காரர் எந்தக் கருவியையும் நாடக் கூடாது. வீட்டில் தனியாக ஆடும்போதும் முதலில் தானே முயன்று, பிறகு கருவியைப் பார்ப்பவருக்கே சொற்கள் மனத்தில் தங்கும்.

தமிழில்

தமிழுக்கும் இத்தகைய தேடல் இயலும். ஆனால் கணக்கு வேறு. தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் சேர்ந்து 247 எழுத்துகள். ஒருங்குறியில் 'கொ' என்ற ஓரெழுத்து, ககரம் ஒன்றும் உயிர்க்குறி ஒன்றுமாக இரண்டு குறியீடுகளாய்ப் பதிவாகிறது. குறியீடுகளை எழுத்துகளாக எண்ணும் நிரல் தவறான விடையே தரும். தமிழ்ச் சொல் விளையாட்டு போட்டியாக வளர, எழுத்துகளைச் சரியாக எண்ணும் கருவியும், வேற்றுமை உருபேற்ற வடிவங்கள் செல்லுமா என்பதை வரையறுத்து அனைவரும் ஏற்கும் சொற்பட்டியலும் தேவை. ஆங்கிலத்தில் உலகப் போட்டிகள் வேரூன்றியது அத்தகைய பொதுப் பட்டியலின் பலத்தில்தான். தமிழாசிரியர்களும் நிரலாளர்களும் சேர்ந்து முதலில் செய்ய வேண்டிய பணியும் அதுவே.