லீ நதிக்கு அப்பால்



சார்ள்ஸ் டிக்கன்ஸின் பெயரை அறியாத இலக்கிய ஆர்வலர் நம்மிடையே இல்லை. ஆனால் அவர் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' என்ற வார இதழில் 1857 செப்டெம்பரில் வெளிவந்த ஒரு கட்டுரையைப் படித்தவர்கள் மிகச் சிலரே. எழுதியவர் டிக்கன்ஸ் அல்லர். அவ்விதழின் எழுத்தாளர்களுள் ஒருவரான ஹென்றி மோர்லி. 'எல்லைக்கப்பால் வாழும் இலண்டன்வாசிகள்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். லீ நதியின் கீழ்க்கரையில் அமைந்த வெஸ்ற் ஹாமில், ஆற்றின் உயர்நீர் மட்டத்துக்கும் தாழ்ந்த சதுப்பு நிலத்தில், வடிகால் வசதியின்றி எழுந்த தொழிலாளர் குடியிருப்புகளை அது விவரிக்கின்றது. அக்காலத்து நாவல்கள் பலவற்றிலும் பார்க்க இக்கட்டுரை என்னைக் கூடுதலாகத் தொட்டது.

'எல்லை' என்ற சொல்லே இங்கு முக்கியமானது. துர்நாற்றமும் தீங்கும் விளைக்கும் தொழில்களை இலண்டனுக்குள் கட்டுப்படுத்தி 1844 இல் ஒரு சட்டம் வந்தது. லீ நதியைக் கடந்தால் அச்சட்டம் செல்லாது. சவர்க்காரம், இரசாயனம், பசளை, இறப்பர், சீனி என ஒவ்வொரு தொழிலும் அக்கரையில் இடம் பிடித்தது. சட்டம் ஒன்றே காரணம் என்று சிலர் எழுதுவது மிகை. மலிவான நிலம், தேம்ஸ் ஆறு, புகையிரதப் பாதை, 1855 இல் திறக்கப்பட்ட விக்டோரியா கப்பல்துறை ஆகியன இல்லாதிருந்தால் அத்தனை முதலாளிமார் அங்கு சென்றிருக்கமாட்டார்கள். 1851 இல் ஏறக்குறைய 19,000 ஆக இருந்த சனத்தொகை 1901 இல் 267,000 ஐத் தாண்டியது. ஐம்பது ஆண்டுகளில் பதினான்கு மடங்கு!

இவ்வளவு தொழில் பெருகிய இடத்தில் வறுமை ஏன் பெருகியது? 1907 இல் எட்வேர்ட் ஹோவார்த், மோனா வில்சன் ஆகிய இருவரும் வெஸ்ற் ஹாமைப் பற்றி வெளியிட்ட ஆய்வு நூல் வீட்டு வாடகை, கூலி, வீட்டிலிருந்தபடியே பெண்கள் செய்த துண்டு வேலை ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்தது. நிரந்தரமற்ற வேலையே அங்கு பெரும் நோய். கப்பல்துறை வாயிலில் விடியற்காலையில் கூட்டமாகத் திரண்டு, மேற்பார்வையாளனின் விரல் தம்மைச் சுட்டாதா என்று ஏங்கி நின்றவர்களுள் பலர் வெறுங்கையுடன் திரும்பினர். 1889 வேலைநிறுத்தம் மணித்தியாலக் கூலியை ஐந்து பென்ஸிலிருந்து ஆறு பென்ஸாக உயர்த்தியது உண்மை. ஆனால் வேலையே கிடைக்காத நாளில் ஆறு பென்ஸ் எதற்கு உதவும்?

அதே ஆண்டில் அயலிலுள்ள பெக்டன் எரிவாயு ஆலையில் வில் தோர்ன் என்ற தொழிலாளி சங்கம் அமைத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டாகக் குறைப்பித்தார். சிறுவயதிலேயே வேலைக்குச் சென்ற அவருக்கு எழுதப் படிக்க உதவியவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர். ஒரு மொழி ஆசிரியனாக இச்செய்தியை மாணவருக்குச் சொல்ல நான் தவறுவதில்லை. 1892 இல் கீர் ஹார்டியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதும் இதே தென் வெஸ்ற் ஹாம் தொகுதிதான். 1917 ஜனவரி 19 ஆம் திகதி மாலை, குடிமனைகளின் நடுவே சில்வர்டவுணில் இயங்கிய வெடிமருந்து ஆலையில் ஏறத்தாழ ஐம்பது தொன் டி.என்.ரி. வெடித்து 73 பேர் மாண்டனர். தொழிற்சாலைகளோடு ஆபத்தும் அக்கரைக்கே போயிருந்தது.

எனினும் என் மனத்தை அதிகம் உறுத்துவது வெடிவிபத்தன்று, சோலைவரிக் கணக்கு. அன்றைய சட்டப்படி ஒரு பகுதியின் வறியோரை அப்பகுதியின் வரிப்பணமே தாங்கவேண்டும். வேலையற்றோர் பெருகினால் உதவிச் செலவு பெருகும், வரி உயரும், அவ்வரியும் வாடகையோடு சேர்ந்து ஏழையின் தலையிலேயே விழும். செல்வந்தப் பகுதிகள் ஏழைப் பகுதிகளுக்கு உதவ 1867 முதல் இலண்டனுக்கென ஒரு பொது நிதி இருந்தது. வெஸ்ற் ஹாம் எல்லைக்கு வெளியே இருந்தமையால் அதில் அதற்குப் பங்கில்லை. ஆலைகளை வரவழைத்த அதே எல்லை உதவியைத் தடுத்துவிட்டது.

நதியின் இக்கரையிலிருந்த பொப்ளாரில் 1921 இல் ஜோர்ஜ் லான்ஸ்பரி உட்பட முப்பது நகரசபை உறுப்பினர்கள், மாநகரின் பொதுச் செலவுக்கான வரியைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றனர். அரசு இறங்கி வந்து, ஏழைகளைப் பராமரிக்கும் சுமையை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. அக்கரைக்கு அந்த வெற்றி எட்டவில்லை. வெஸ்ற் ஹாம் வறியோர் பராமரிப்புச் சபை அரசிடம் கடன் வாங்கிக் கொடுத்தது, மீண்டும் வாங்கியது. 1926 இல் சுகாதார அமைச்சர் நெவில் சேம்பர்லின் தனிச்சட்டமொன்றைக் கொணர்ந்து, மக்கள் தெரிவுசெய்த அச்சபையை அகற்றித் தாம் நியமித்தவர்களை அமர்த்தினார். அவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, வேலையற்றோருக்கு வழங்கிய உதவிப்பணத்தை வெட்டியதாகும்.